கே-நாலின் சொந்த ஊர்

தேனியில் இறங்கியதும் நான் முதலில் வாங்கியது கொசுவத்தி. மூன்று பெட்டி கொசுவத்தி, இரண்டு களிம்பு, ஒற்றை ஆள் படுக்கிற கொசுவலை என்று நான் கேட்கக் கேட்க எடுத்து வைத்த கடைக்காரர், “எத்தன நாள் தங்குறீக சார்?” என்றார்.

“மூணு நாள்.”

“மூணு நாளைக்கு மூணு பெட்டியா? இங்கன உள்ள கொசுவெல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கேரளாவுக்குப் போயிரும்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆறு வாரமாகக் காதருகே ஒரு கொசு ரீங்கரித்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் என் மகளைக் கொசு கடிக்கவில்லை.

என் மகள் வித்யா பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமியின் என்சைம் ஒன்றை ஆராய்கிறாள். நான் குடியாத்தத்தில் பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியன் என்பதால் அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரியும். அந்த என்சைம் செய்கிற வேலை மிகச் சின்னது. சர்க்கரை உடைந்து வந்த ஒரு துண்டைப் பிடித்து, அதன் ஒரு கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை உருவிப் பக்கத்துக் கார்பனில் வைக்கும். அவ்வளவுதான். அது நின்றால் கிருமிக்குப் பிழைப்பு இல்லை. இதே என்சைம் நம் உடம்பிலும் இருக்கிறது, ஏறக்குறைய அச்சு அசலாக. வேறுபாடு ஓரிரண்டு இடத்தில் மட்டும். அந்த இடமாகப் பார்த்துப் போய் உட்காரும் மருந்து கிடைத்தால் கிருமி சாகும், ஆள் பிழைப்பான். அதற்காக என்சைமைக் கற்கண்டுத் தூள் அளவுக்குப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரேயில் காட்டி, அதன் உருவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த உருவத்தில் ஒரு வாய் உண்டு, வாய்க்கு ஒரு மூடி உண்டு. துண்டு உள்ளே வந்ததும் மூடி மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாதி வேலையில் அது நழுவி நஞ்சாகிவிடும். வித்யா வளர்த்த படிகத்தில் துண்டு உள்ளே இருந்தது. மூடி திறந்தே கிடந்தது. “வாயில சோறு இருக்குப்பா, வாய் மட்டும் மூடல” என்று போனில் ஆச்சரியமாகச் சொன்னாள். எனக்கு வாய்க்கரிசி நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மருந்துகளைச் சோதிக்க உயிருள்ள கிருமியையும் அங்கே வளர்க்கிறார்கள். ஒருநாள் அந்த வேலையில் ஊசி அவள் விரலில் குத்திவிட்டது. கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். எக்ஸ்ரே இயந்திரம் அந்த இரண்டு வாரத்தில்தான் அவளுக்குக் கிடைத்தது. படிகங்கள் அதற்குமேல் தாங்காது, கரைந்துவிடும். காய்ச்சல் வந்தபோது சளிக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படிகங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அம்மா யார் என்று தெரியவில்லை.

பிழைத்துவிட்டாள். பத்து நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள். இனி நான்கு வாரம், வாரம் ஒருமுறை ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டும். நான்கும் சுத்தமாக இருந்தால் பயமில்லை என்றார் டாக்டர். அந்தக் கிருமி முதலில் யாருடைய ரத்தத்திலிருந்து எடுத்தது என்று அவர் கேட்டதால் ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபேக்ஸில் ஒரு தாள் வந்தது. என் கையில்தான் கொடுத்தார்கள். குறியீடு கே-நாலு. ஆண், முப்பது வயது இருக்கலாம். போர்வெல் லாரியில் வேலை, வெளிமாநிலத்தில் பிடித்த காய்ச்சல். ஊர் காமயகவுண்டன்பட்டி. முதல் மருந்துக்குப் பின் காய்ச்சல் திரும்பியது. இரண்டாவது மருந்துக்கு முன் ரத்தம் எடுக்கப்பட்டது. அதோடு தாள் முடிந்தது. பேர் இல்லை.

வித்யாவின் உடம்பில் ஓடியது நான்கு வருடத்துக்கு முன் அந்த மனிதனின் உடம்பில் ஓடியதுதான். அவனுக்கும் முதல் மருந்து கேட்கவில்லை. அதன் பிறகு அவனுக்கு என்ன ஆயிற்று? டாக்டருக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது தகடும் சுத்தம் என்று தெரிந்த மறுநாள், ஊரில் சம்பளக் கணக்கு வேலை இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டு, மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் மாலையே தேனியிலிருந்து கம்பத்துக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல். சின்னமனூர் தாண்டியதும் நெல், தென்னை, வாழை என்று பச்சை இடைவெளியே இல்லாமல் வந்தது. வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர். எங்கள் பக்கம் பாலாற்றில் இப்போது மணலும் இல்லை. ஒரு வாய்க்காலில் இத்தனை தண்ணீரைப் பார்த்தால் குடியாத்தத்துக்காரனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு அதில் கொசு மட்டும் தெரிந்தது.

இரண்டு பக்கமும் மலை, நடுவில் காற்று. ஆடிக் காற்று எங்கள் ஊரிலும் உண்டு. மண்ணை வாரி முகத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே அது நிற்பதே இல்லை. விடுதி ஜன்னலின் ஒரு பலகை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. வார்டில் வித்யாவின் பற்கள் குளிர் நடுக்கத்தில் தட்டிய சத்தம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. எழுந்து அந்தப் பலகையில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். கீழே கடையில் பரோட்டாவும் சால்னாவும் நன்றாக இருந்தன என்றுதான் நினைக்கிறேன். இரண்டு சாப்பிட்டேன். காரம் மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் விடிந்ததும் சாலைக்கு வந்தேன். டவுன் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஜீப்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. டீக்கடைப் பக்கம் ஒரு ஜீப் நின்றது. “காமயகவுண்டன்பட்டி ஜீப்பா?” என்று கேட்டேன். “ஆமா சார், ஏறுங்க” என்று சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். காமயகவுண்டன்பட்டி ஜீப்தான். ஆனால் அது அங்கிருந்து வருகிற ஜீப் என்பது நாலாவது கொண்டை ஊசி வளைவில்தான் எனக்கு உறைத்தது.

“என்னம்மா, மலை ஏறுது?”

“ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறாமப் போக முடியுமா? நீங்க எந்தத் தோட்டத்துக்கு வாரீக?”

“நான் காமயகவுண்டன்பட்டிக்குப் போகணும்.”

ஜீப்பே குலுங்கியது. “ஏலே, வண்டிய நிறுத்தாத. சாரு ஏலக்கா எடுக்கட்டும்” என்று ஒருத்தி டிரைவரிடம் கத்தினாள். “கையப் பாரு, சாக்பீஸ் புடிச்ச கை. ஒரு கிலோ எடுக்கும்முன்ன பொழுது சாஞ்சிரும்” என்றாள் இன்னொருத்தி. அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தக் கால் மணி நேரம்தான் ஆறு வாரத்தில் நான் எதையும் நினைக்காமல் இருந்த நேரம்.

மேலே கேரள எல்லை. சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் சாலை இல்லை. டிரைவர் சக்கரத்தைப் பார்க்க இறங்கியதால் சிவப்பு ஸ்வெட்டர் அம்மாளும் இறங்கி என்னோடு கட்டன்சாயா குடித்தார். “அங்கன யாரைப் பாக்கணும் சார்?” என்றார்.

“பேர் தெரியாது. போர்வெல் லாரியில வேலைக்குப் போயி மலேரியா காய்ச்சலோட வந்தவர். நாலு வருஷம் இருக்கும்.”

“ஒருத்தரு இல்ல, ரெண்டு பேரு வந்தாக. அண்ணனும் தம்பியும்.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “அண்ணன் தவசி போயிச் சேந்துட்டாக. தம்பி செல்லப்பாண்டி இருக்காரு, மோட்டார் வேலை பாக்காரு.”

ஜீப் ஹாரன் அடித்தது. அவர் ஓடினார். பனி அவரையும் ஜீப்பையும் வாங்கிக்கொண்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. கீழே போகிற பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் டீக்கடைக்காரர், பாதி மலையாளத்தில். அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர். ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை. கே-நாலு இதில் யார்?

மத்தியானம் காமயகவுண்டன்பட்டியில் இறங்கினேன். மோட்டார் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டியிருக்கும். நான் கேட்கவில்லை. ஊரைத் தாண்டி நடந்தேன். திராட்சைத் தோட்டம். தலைக்கு மேலே பந்தல், அதன்மேல் கொடி, இலை. வெளியே உச்சி வெயில். உள்ளே பாசி பிடித்த தொட்டிக்குள் நிற்கிற மாதிரி வெளிச்சம். காற்று மேலே இலைகளை மட்டும் அலைத்துக்கொண்டு போனது, உள்ளே வரவில்லை. குலைகள் அசையாமல் தொங்கின, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கண்ணுக்கெட்டிய தூரம். வித்யா ஒருமுறை படிகத்தைப் பற்றிச் சொன்னாள்: “உள்ளே கோடிக்கணக்குல இருக்கும்பா. அத்தனையும் ஒரே பக்கம் பாத்து, ஒரே மாதிரி, அசையாம நிக்கும்.” கொஞ்சம் தள்ளி யாரோ இருமினார்கள். யாரும் தெரியவில்லை. நான் வந்த வழியே வேகமாக நடந்து, அடுத்த பஸ்ஸில் கம்பத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மாலையில் வித்யா கூப்பிட்டாள். “என்னப்பா அங்க அவ்வளவு காத்து சத்தம்?”

“ஃபேன்.”

“நம்ம வீட்டு ஃபேனா? அது சுத்துறதே பெரிசு.”

மூன்றாம் நாள் காலை நேராகக் கடைக்கே போனேன். வீட்டோடு சேர்ந்த கடை. வாசலில் செப்புக் கம்பிச் சுருள்கள், துருப்பிடித்த பம்புகள். செல்லப்பாண்டி குத்துக்காலிட்டு ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, சிரித்த முகம். “வாங்க சார், எத்தன எச்.பி.?” என்றார்.

மோட்டார் இல்லை என்றேன். மகளுக்கு மலேரியா வந்தது, உங்களுக்கும் வந்ததாகச் சொன்னார்கள், எப்படிக் குணமாயிற்று என்று கேட்க வந்தேன் என்றேன். இவ்வளவு தூரமா என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்றால் எவ்வளவு தூரமும் வருவார்கள் என்பதுபோல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளே திரும்பி, “மதினி, டீ” என்றார். கதவோரத்தில் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண் எழுந்து போனார். அண்ணன் மனைவி ஈஸ்வரி.

“பொண்ணு என்ன படிக்குது?”

கேட்க வந்ததைக் கேட்கப் பயம். அதனால் என்சைமைப் பற்றி விரிவாகச் சொன்னேன். வாய், துண்டு, மூடி. அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஃபுட்வால்வு” என்றார். “ஏத்துன தண்ணி திரும்பிக் கீழ போகாம மூடிக்கிறது.”

“அதேதான். ஆனா துண்டு உள்ள இருக்கும்போதே மூடாம நிக்குதாம். அதான் அவளுக்குப் புரியல.”

“எப்பப் பாத்தாக? ஓடும்போதா, நின்னப்பவா?”

“படிகத்துல அசையாது. நின்னப்பதான்.”

“நின்ன மோட்டாரைப் பிரிச்சுப் பாத்துட்டு, அது ஓடுன ஓட்டத்தப் பத்தி என்னத்தச் சொல்ல?” சிரித்தார். “நானும் தெனமும் அதைத்தான் பண்றேன். ஆளு கேட்டா ‘ஆமா, இதனாலதான் நின்னுச்சு’ம்பேன். அவுகளும் நம்பிட்டுப் போவாக.”

டீ வந்தது. கருப்பட்டி போட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, “உங்களுக்குக் காய்ச்சல் திரும்பி வந்ததா?” என்று கேட்டேன்.

“எனக்கா? இல்ல சார். ஒரு தடவதான். மாத்திரை போட்டேன், போயிருச்சு. ஒடிசாவுல ஒரே காட்டுல ஒண்ணாப் படுத்திருந்தோம், ரெண்டு பேருக்கும் வந்துச்சு. திரும்பி வந்தது அண்ணனுக்குத்தான். ரெண்டாந்தடவ பெரிய ஆஸ்பத்திரில குழாய் குழாயா ரத்தம் எடுத்தாக.”

டம்ளரைக் கீழே வைத்தேன். சட்டைப்பையில் இருந்த ஃபேக்ஸ் தாள் திடீரென்று கனத்தது. கே-நாலு செத்துப்போனவர்.

“எப்படிப் போனார்?” என்று கேட்டேன்.

பதில் சொன்னது, மறுபடி கதவோரத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஈஸ்வரி. முறத்தைப் பார்த்தபடியே சொன்னார். “ரெண்டாவது மாத்திரை ரெண்டு நா சாப்பிட்டாக. காய்ச்ச விட்ருச்சு. அங்கன ஒரு போர் பாதியில நிக்குது, விட்டா மண்ணு சரிஞ்சு குழி மூடிரும், போட்டது அம்புட்டும் வீணுன்னு லாரியில ஏறிட்டாக. சொன்னாக் கேக்கல. பாதிக் குழிய விட்டுட்டு இருக்க மாட்டாக, இவுக ஆளுக எல்லாமே அப்பிடித்தான். விசயவாடா தாண்டி லாரியிலேயே போயிட்டாக. சட்டைப்பையில மிச்ச மாத்திரை பிரிக்காம இருந்துச்சு.”

நான் இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு நிம்மதி வந்தது. மருந்து தோற்கவில்லை, அவர் முடிக்கவில்லை. வித்யா முடித்துவிட்டாள். எண்ணி எண்ணி நானே கொடுத்தேன். ஒருவர் செத்த கதையைக் கேட்டு என் தோள் இறங்கியது, மூச்சு சீரானது. அந்த நிம்மதியில் வாய் தானாகப் பேசிற்று. தாளை எடுத்துக் காட்டினேன். என் மகளுக்கு ஊசியில் ஏறியது உங்கள் அண்ணன் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்ததுதான், இன்னும் பெங்களூரில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. ஈஸ்வரி முறத்தைத் தரையில் வைத்தார்.

“வச்சிருக்காகன்னா?”

“ஃப்ளாஸ்க்ல. ஒரு பெட்டிக்குள்ள, உடம்புச் சூட்டுலயே வச்சு...”

“உசுரோடயா?”

“ஆமாம்மா.”

“அவுக போயி நாலு வருசமாச்சு.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“அது என்ன திங்கும்?”

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆசிரியன் புத்தி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழக்கம். “ரத்தம். அங்க வேலை பாக்கிற பிள்ளைங்கதான் மாத்தி மாத்திக் குடுப்பாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புது ரத்தம் ஊத்தணும்.”

தெருவில் ஓர் ஆட்டோ போயிற்று. அது போகும்வரை ஈஸ்வரி காத்திருந்தார்.

“நாங்க வருசத்துக்கு ஒருக்கா, தெவசத்துக்குத்தான் அவுகளுக்குச் சோறு வைக்கிறோம்” என்றார். “அங்கன ஒரு நா விட்டு ஒரு நா வைக்கிறாக.”

“மதினி, அது பூச்சி. அண்ணன் இல்ல.”

“நான் அண்ணன்னு சொன்னனா?” செல்லப்பாண்டியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். “உங்க பொண்ணும் ரத்தம் குடுத்துச்சா?”

“ரெண்டு வருஷமா.”

“அப்ப, சோறு போட்ட வீட்டுக்குத்தான சார் வரும்?”

காலை பத்து மணி. வாசலில் வெயில். என் முதுகில் வேர்வை குளிர்ந்துபோயிற்று. ஊசி, கவனக்குறைவு, பாதுகாப்பு விதிகள் என்று ஆய்வுக்கூடத்தில் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த நிமிடத்தில் அதெல்லாம் சமாதானம் சொல்கிற மாதிரிப் பட்டது.

“பொண்ணுகிட்டப் பேசணும், போன் போடுங்க” என்றார் ஈஸ்வரி.

போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் வித்யா கத்தினாள். “அப்பா! அந்தத் தாளை வச்சு ஆளைத் தேடவே கூடாதுப்பா! அதனாலதான் பேரே இல்லாம எழுதறோம். என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?” அவள் மூச்சு வாங்குவது கேட்டது, இன்னும் பலம் வரவில்லை. நான் ஈஸ்வரியிடம் போனை நீட்டினேன்.

“ஆத்தா, நான் ஈஸ்வரி பேசுறேன். உனக்கு என்னையத் தெரியாது... இப்ப உடம்பு எப்பிடி இருக்கு? மாத்திரையப் பூராவும் சாப்பிட்டியா?... பூராவும்னா பூராவும்தான?... சரி, சரி. அழுகாத. நான் வையிறதுக்குக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அதுக்குச் சோறு வைக்கிறத நிப்பாட்டிரு. அவுக போனவுக. போன எடத்துல இருக்கட்டும்.”

அதன் பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார். “என்னமோ சொல்லுது. எனக்கு வெளங்கல.”

“அப்பா,” வித்யாவின் குரல் அடங்கியிருந்தது, “ரத்தத்தை நிறுத்தினாலும் அது போகாதுப்பா. குழாய் குழாயா திரவ நைட்ரஜன்ல உறைய வச்சிருக்கு. வேற ஊருக்கெல்லாம் அனுப்பியாச்சு. எப்ப வேணும்னாலும் எடுத்துச் சூடு பண்ணினா எழுந்துக்கும். இதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

ஈஸ்வரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்திடறேன்னு சொல்றாம்மா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து, “சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார். வேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. சோறு போட்ட வீட்டுக்குத்தான் வரும் என்று சற்று முன் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் இலை போட்டாகிவிட்டது. சோறும் கருவாட்டுக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும். எதிரே அவரும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். வாயில் வைத்த பிறகு அதை மூடி மெல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பஸ் நிறுத்தம்வரை செல்லப்பாண்டி வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, “பொய்தான சார் சொன்னீக?” என்றார்.

“ஆமாம்.”

“இருக்கட்டும். அண்ணன் போனதுக்கப்புறம் மதினி இன்னைக்குத்தான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாக.” பஸ் வந்து நின்றதும், “பொய்ய உண்மையாக்கப் பாருங்க, முடிஞ்சா” என்றார்.

திரும்பும் வழியில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்து ஒரு மணி நேரம் நின்றது. வாய்க்கால் ஓரம். எல்லோரும் இறங்கிக் கை கால் கழுவினார்கள், ஒரு கல்யாணக் கோஷ்டி பாட்டுப் போட்டது. கொசு வந்து என் புறங்கையில் உட்கார்ந்தது. களிம்பு பையில் இருந்தது. அடிக்கவில்லை, அது குடித்து முடித்துத் தானாக எழுந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது தகடு சுத்தம். நான்காவது தகடு பார்த்த அன்று நானும் பெங்களூரில் இருந்தேன். பரிசோதகர் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை, போகலாம்” என்றார் கன்னடத்தில். என் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வித்யா, தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிமிரவில்லை. தகட்டை நகர்த்தி நகர்த்தி, தன் ரத்தத்தில் எதையோ தேடினாள். பிறகு எழுந்து, “இல்லப்பா” என்றாள். மெலிந்த முகம், ஆனால் பழைய சிரிப்பு.

ஆட்டோவில் வரும்போது திங்கட்கிழமையிலிருந்து ஆய்வுக்கூடம் போகிறேன் என்றாள். போகாதே என்று சொல்ல நாங்கள் இருவருமே வாயெடுக்கவில்லை. மூடி ஏன் திறந்திருக்கிறது என்று புதிதாக ஒன்று தோன்றியிருக்கிறதாம். நின்ற நிலையில் பார்த்ததை வைத்து முடிவு கட்டியது தப்பாம். இதையே ஒரு மோட்டார்க்காரர் முன்பே சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

“அந்த அம்மா கேட்டதை என்ன பண்ணினே?” என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் ஆட்டோ நின்றது.

“என் ரத்தத்தை இனிமே எடுக்க மாட்டாங்கப்பா. மலேரியா வந்தவங்ககிட்ட வாங்கக் கூடாது. வேற ஆள் குடுக்கறாங்க” என்றாள்.

“நான் அதைக் கேட்கல.”

“தெரியும்.” பச்சை விழுந்து ஆட்டோ கிளம்பியதும் சொன்னாள். “செவ்வாய்க்கிழமை அதுக்கு ரத்தம் ஊத்தறது என் முறை.”